தாத்தாவின் அம்பாசடருக்கு எந்த ஆயில்?

நான் (காலை 7.40)
நம் குடும்பக் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் 1972 அம்பாசடருக்கு என்ஜின் வேலை நேற்று முடிந்தது. போரிங் செய்து (சிலிண்டர்களைக் குடைந்து), கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) அரைத்து, அது சுழலும் புது பேரிங், வால்வுகளை இயக்கும் புது கேம், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் புது டேப்பட் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. இனி ஆயில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. கடைக்காரர் தம்மிடம் இருப்பதிலேயே உயர்ந்தது என்று 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் ஆயிலை எடுத்துக் கொடுத்தார். இதை ஊற்றலாமா?

பெரியப்பா (7.52)
தம்பி, டின்னை இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்க வேண்டாம். இன்றைய கார்களுக்கு அது நல்ல ஆயில்தான், ஆனால் நம் வண்டிக்கு ஆகாது. இந்த 1489 சிசி என்ஜின் இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற கார்களுக்காக 1950களில் வந்தது. அந்தக் காலத்து கெட்டியான ஆயிலை மனத்தில் வைத்தே அதன் பேரிங் இடைவெளிகளை அமைத்தார்கள். டின்னில் கடைசியாக வரும் எண்தான் சூட்டில் ஆயிலின் கிரேடு. 100 டிகிரி வெப்பத்தில் 30 கிரேடு ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) வரை. 50 கிரேடுக்கு அது 16.3 முதல் 21.9 வரை. இந்த வேறுபாடு சிறியதல்ல.

அக்கா (8.05)
அப்பா, எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருக்கும்போது இடைவெளியும் புது என்ஜினுக்குரியதாகத்தானே இருக்கும்? பிறகு ஏன் கெட்டியான ஆயில் வேண்டும்?

பெரியப்பா (8.14)
நல்ல கேள்வி அம்மா. அரைத்து மாற்றியதால் தேய்மானம் நீங்கி, தொழிற்சாலையில் வைத்த அளவுக்கு அது திரும்பியிருக்கிறது. அந்த அளவே கெட்டி ஆயிலுக்கு உரியது. இன்னொன்றும் உண்டு. இந்த என்ஜினின் பின்பக்க மெயின் பேரிங்கில் இப்போதைய கார்களில் உள்ளதுபோல் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் திருகுபோல் வெட்டிய பள்ளம், சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். மெல்லிய ஆயில் அந்த வழியாகக் கிளட்ச் பக்கம் கசிந்துவிடும். கெட்டி ஆயில் ஊற்றியிருந்தபோதே தாத்தா வண்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்திருப்பார், நினைவிருக்கிறதா?

கோவை மாமா (8.31)
அத்தான் பேரிங்கைப் பற்றிச் சொல்லிவிட்டார். எனக்குக் கவலையெல்லாம் புது கேமைப் பற்றித்தான். நம் வண்டியின் டேப்பட் தட்டையானது. கேமின் மேல் உருளாமல் வழுக்கிச் செல்கிறது. அந்த மெல்லிய கோட்டில் விழும் அழுத்தத்தில் ஆயில் படலம் அறுந்துவிடும்போது, ஆயிலில் கலந்துள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் உலோகத்தின் மேல் ஒரு காப்புப் படிவை உண்டாக்கித் தான் தேய்ந்து கேமைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தப் பாஸ்பரஸ் புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. அந்தக் கருவியைக் காக்கவே 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) வகுத்த புதிய தரங்கள் வரம்பு கட்டின. நம் வண்டியில் கன்வெர்ட்டரே இல்லை. ஆகவே மினரல் (சிந்தெடிக் அல்லாத சாதாரண) 20டபிள்யூ-50 வாங்கு. அந்த ஆயிலின் தரவுத் தாளில் துத்தநாகம் 0.1 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு.

நான் (8.44)
மாமா, லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலே போதும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்கிறார். தாம் பல பழைய வண்டிகளுக்கு ஊற்றியிருப்பதாகவும் சொன்னார்.

கோவை மாமா (8.58)
அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டீசல் ஆயில்களில் துத்தநாகம் தாராளமாக இருந்ததால்தான் அந்தப் பழக்கம் வந்தது. ஆனால் கரியைக் கழுவும் டிடர்ஜென்ட்டும் அதில் மிகுதி. துத்தநாகம் ஒட்ட வேண்டிய அதே உலோகப் பரப்புக்கு அதுவும் போட்டியிடும். அவசரத்துக்கு ஊற்றலாம், புது கேம் போட்ட முதல் ஓட்டத்துக்கு நான் ஊற்ற மாட்டேன்.

நான் (மாலை 5.20)
கடைக்காரர் திறக்காத டின்னைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மினரல் 20டபிள்யூ-50 கிடைத்துவிட்டது; தரவுத் தாளையும் பார்த்துவிட்டேன், மாமா சொன்ன அளவுக்கு மேலேயே இருக்கிறது. நாளை காலை என்ஜினைக் கிளப்பலாமா?

பெரியப்பா (5.41)
நான் வரும்வரை பொறுத்திரு. முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறியதை உறுதி செய்துகொண்ட பிறகே பிளக்கை மாட்ட வேண்டும். கிளம்பியதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் மெதுவாக ஓட) விடவே கூடாது; கேமுக்கு ஆயில் தெறித்துப் போய்ச் சேர வேண்டுமானால் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல், சற்று ஏற்றி இறக்கி, 20 நிமிடம் ஓட வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி வை. முதல் 500 கிலோமீட்டரில் இந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடலாம், அதனால் இன்னொரு டின்னும் இப்போதே வாங்கி வைத்துவிடு.

அக்கா (5.47)
நானும் அப்பாவோடு வருகிறேன். தாத்தாவின் தகரத் தட்டு எங்கள் வீட்டு மாடியில் பத்திரமாக இருக்கிறது, எடுத்து வருகிறேன்.