அப்பாவோட பென்ஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சு, யாராவது வழி சொல்லுங்க
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், நாங்க கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன்ல இருக்கோம், அப்பா கொழுந்து மூட்டை தூக்கிட்டு வரும்போது சறுக்கி விழுந்ததுல ரெண்டு வருஷமா வலது கால் வரல. யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வந்துடுச்சு, 60 சதவீதம் ஊனம்னு போட்ருக்கு. மாசம் 2000 பராமரிப்பு தொகைக்கு 75 வேணுமாம், 40க்கு மேல இருந்தா வருவாய்த்துறை பென்ஷனுக்கு போடலாம்னாங்க, இ-சேவைல போட்டோம், ரிஜெக்ட்னு மெசேஜ் மட்டும் வந்துச்சு, காரணம் புரியல. கேக்கப் போனா அந்த ஆபீஸ் போ இந்த ஆபீஸ் போங்கறாங்க. அப்பாவ பஸ்ல ஏத்தி ஊட்டி போய் வர்றதுக்குள்ள (மழைன்னா சொல்லவே வேணாம்) அம்மாவோட ஒரு நாள் கூலியும் போச்சு. திரும்ப அப்ளை பண்ணணுமா, இல்ல கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாள்ல மனு குடுக்கறதா? நான் மட்டும் போனா போதுமா? இப்படி ரிஜெக்ட் ஆகி அப்புறம் வாங்கினவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.