வெள்ளை யூனிபோம் வெளுக்குது, முகம் கறுக்குது: பள்ளிக்கூடம் தொடங்குற அன்று படம் எடுக்கிறது எப்படி?

கல்லடிக்காரி:
லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொடங்குது. மகள் நாலாம் ஆண்டு, மகன் இப்பதான் முதலாம் ஆண்டு. ரெண்டு பேரையும் யூனிபோமோட நிக்க வெச்சு எடுத்தா, ஒண்டில் சேட்டு வெளுத்து மடிப்பே தெரியாமப் போகுது, இல்லாட்டி முகம் கறுத்துப் போகுது. வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது. ஏழு மணிக்கு முன்ன முடிக்கணும், ஓட்டோ வந்திரும். போனும் இருக்கு, 50 மி.மீ. லென்ஸோட பழைய கெனன் கமெரா ஒண்டும் இருக்கு.

வாவிக்கரை:
அக்கா, ரெண்டுக்கும் காரணம் ஒண்டுதான். படம் நிறைய வெள்ளை வந்தா கமெரா வெளிச்சம் கூடிப்போச்செண்டு நினைச்சுக் குறைக்கும், முகம் கறுக்கும். இருட்டான கதவுக்கு முன்னால புள்ளை சின்னதா நிண்டா கூட்டிப்போடும், சேட்டு வெளுக்கும்.

முதல்ல இடத்த மாத்துங்க. கிழக்கு வாசல்ல காலை வெயில் நேர முகத்தில அடிக்கும், புள்ளைகள் கண்ணைச் சுருக்கும். அந்த நேரம் வீட்டோட நிழல் பின்பக்கம் விழும், அங்க பின் விறாந்தை ஓரத்தில வெளியப் பார்த்து நிக்க வைங்க. நம்மட மட்டக்களப்புக் கல்லடியில கடல் கிழக்கால, அதால மெயின் ரோட்டில கடல்பக்க வீட்டுக்காரருக்கு வாசல் மேற்குப் பார்த்திருக்கும், அவங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்ல. நம்மட வளவு மணல் வெளிச்சத்தைக் கீழயிருந்து திருப்பி அடிக்கும். கண்ணுக்குக் கீழ இருக்கிற நிழல் அதாலயே குறையும்.

மாமரத்துக்குக் கீழ வேணாம். இலைக்குள்ளால வாற வெயில் வெள்ளைச் சேட்டில பொட்டுப் பொட்டா விழும், பிறகு எதாலயும் திருத்த ஏலாது. பச்சை, நீலம் அடிச்ச மதிலோட ஒட்டியும் நிக்க வேணாம், அந்த நிறம் சேட்டில ஏறும். மூணு அடி தள்ளினாப் போதும்.

போன்ல: முகத்தில விரலை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டுப்படும். பக்கத்தில வாற சூரியக் குறியைச் சேட்டு மடிப்புத் தெரியுற வரைக்கும் கீழ இழுங்க. 2 எக்ஸ் சூம் இருந்தா அதை வெச்சு, பின்னுக்குப் போய், குந்தியிருந்து புள்ளைட நெஞ்சு உயரத்தில எடுங்க. நிண்டுகொண்டு 1 எக்ஸில எடுத்தா தலை பெருத்து, கால் குறுகும். பெரியாக்கள் எடுக்கிற படத்தில பாதி இப்படித்தான் கெடுது.

ஒளிப்பெட்டி:
கெனன் இருக்கேக்க போன் ரெண்டாவதுதான். எம் மோட்டில, அதாவது எல்லாத்தையும் நாமளே வைக்கிற முறையில வைங்க. வெள்ளை கூடினாலும் குறைஞ்சாலும் செட்டிங் அசையாது, முகம் ஒரே மாதிரி வரும். ஷட்டர் (திறந்திருக்கிற நேரம்) 1/250 செக்கன், எஃப் (லென்ஸ் துவாரம், எண் குறைஞ்சா துவாரம் பெருசு) 4, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 800 இல தொடங்குங்க. ஒரு படம் எடுத்துப் பார்த்து, கமெராத் திரையில சேட்டின்ட வெளுத்த இடம் மினுங்கினா ஐஎஸ்ஓவைக் குறைங்க. காலையில வெளிச்சம் நிமிசத்துக்கு நிமிசம் ஏறும், அதால இடைக்கிடை பார்க்கணும்.

1/60 இல முதலாம் ஆண்டுப் புள்ளை அசைஞ்சா மங்கும். எஃப் 1.8 ஆசையும் வேணாம்: ஒன்றரை மீற்றரில தெளிவா விழுற ஆழம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர்தான். தம்பி அரை அடி முன்னுக்கு வந்தா அக்காட முகம் போச்சு. முழு உருவத்துக்கு 10 - 12 அடி தள்ளி நில்லுங்க. நிழல்ல சேட்டு நீலம் அடிச்சா வைற் பலன்ஸை (நிறத்தைச் சரிப்படுத்துற செட்டிங்) நிழல் குறிக்கு மாத்துங்க.

ஏசி அறையில கமெராவை வெச்சிருந்தா, முதல் நாள் இரவே வெளிய எடுத்து பேக்கோட வைங்க. கடல் காத்து ஈரத்தில குளிர்ந்த லென்ஸ் ஆவி பிடிச்சு மங்கினா தெளியக் கொஞ்ச நேரமெடுக்கும், அதுக்குள்ள ஓட்டோ வந்திரும்.

கல்முனைத் தாத்தா:
நம்மட புள்ளைகளுக்கு வெள்ளைப் பர்தா வேற. முகத்தைச் சுத்தி வெள்ளை இருக்கிறதால கன்னத்துக்கு வெளிச்சம் கிடைக்கும், ஆனா மேலயிருந்து வெயில் வந்தா துணி ஓரத்தின்ட நிழல் நெத்தியில கோடா விழும். தாடையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்க. பர்தாவில குத்துற பின் சரியா இருக்கா எண்டு படம் எடுக்க முன்னமே பாருங்க.

இன்னொண்டு. டையிலயும் பேட்ஜிலயும் ஸ்கூல் பேர் இருக்கும். ஊருக்கே தெரியப் போடுறதெண்டா அதை மறைச்சுப் போடுங்க. வட்ஸ்அப்பில சாதாரணப் படமா அனுப்பினா இட விபரம் கழண்டிடும், டொக்கியுமென்டா அனுப்பினா கூடவே போகும். ஸ்கூல் கேற்றுக்கிட்ட எடுத்தா மத்தவங்கட புள்ளைகள் விழாம பார்த்துக்கொள்ளுங்க, அதுக்கு வீட்டில எடுக்கிறதே மேல்.

கல்லடிக்காரி:
நன்றி. அன்று மழை பெய்தா?

ஒளிப்பெட்டி:
மழை முகில் நல்லதுதான், நிழல் தேடத் தேவையில்ல, ஐஎஸ்ஓவை 1600க்கு ஏத்துங்க. பின்னுக்கு வெள்ளை வானம் விழாம மதிலையோ மரத்தையோ வைங்க. குடை பிடிச்சா கறுப்பு இல்லாட்டி வெள்ளை. சிவப்புக் குடைக்குக் கீழ ரெண்டு முகமும் சிவந்துபோகும்.