கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டாரில் அப்படி என்ன சிறப்பு?

கேள்வி:
அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் முதல் மூன்று இசைத்தொகுப்புகளையும் அண்மையில் வரிசையாகக் கேட்டு முடித்தேன். 1986 செப்டம்பர் 27 அன்று, சுவீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்ததில், 24 வயதிலேயே மறைந்த பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டனை ரசிகர்கள் இன்றும் உயர்த்திப் பேசுவதற்குக் காரணம் அந்த இளவயது மரணமா, அல்லது வாசிப்பா? கிட்டார்களின் இரைச்சலில், தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பேஸ் எனக்குத் தனியாகப் பிடிபடவில்லை.

மறுமொழி 1:
'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' பாடலின் தொடக்கத்தில், மணியோசையின் மேல் உறுமிக்கொண்டு இறங்கிவரும் அந்த மெட்டை மீண்டும் கேளுங்கள். கிட்டார் என்றே பலர் நம்பும் அந்த ஒலி, பேஸை டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது), வா பெடல் (காலால் இயக்கி ஒலியை 'வா-வா' என நெளியவைப்பது) ஆகியவற்றின் வழியே செலுத்தி அவர் எழுப்பியது (நானும் பல ஆண்டுகள் ஏமாந்தவன்தான்). பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் வெறும் விரல்களால் வாசித்தவர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
வாசிப்பைவிட, குழுவின் காதைப் பண்படுத்தியதே அவருடைய பெரும்பங்கு என்பேன். ஜெர்மானியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசையில் தோய்ந்திருந்த அவர் வந்த பிறகுதான், வேகத்தையே நம்பியிருந்த மெட்டாலிகாவின் பாடல்களில் ஒத்திசைவு நுட்பங்கள் கூடின. 'ஓரியன்' என்னும் குரலற்ற படைப்பில், ஆரவாரம் அடங்கிப் பேஸ் மட்டும் மெல்ல நடைபோடும் நடுப்பகுதியே அதற்குச் சான்று. அவரைச் சேர்த்துக்கொள்வதற்காகவே குழு லாஸ் ஏஞ்சலஸை விட்டு சான் பிரான்சிஸ்கோ பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி நண்பர்களே. ஹெட்ஃபோனில் 'ஓரியன்' கேட்டேன். அந்த நடுப்பகுதியை மூன்று முறை திருப்பிப் போட்டுவிட்டேன்.