உச்ச நீதிமன்றத்துக்குள் கேமரா: எதிரணிக்கு வலுவான வாதம் உண்டா?

கேள்வி: கிருஷ்ணகிரி ஆசிரியர்

எங்கள் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு, நாட்டின் உச்ச நீதிமன்ற விசாரணையைத் தொலைக்காட்சியில் காட்டலாமா என்ற தலைப்பில் பட்டிமன்றம் வைத்திருக்கிறோம். நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் நேரலைக்கு இசைந்தது. 2022 செப்டம்பர் 27 முதல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் அமரும் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணையை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, 2020 மே மாதம் பெருந்தொற்றுக் காலத்தில் ஒலியை மட்டும் நேரலையாகத் தரத் தொடங்கியதே தவிர, கேமராவை அனுமதிக்கவில்லை. ஆதரித்துப் பேசுவது எளிதாக இருக்கிறது. எதிரணிக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

பதில்: தருமபுரி வழக்கறிஞர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எதிரணியின் வலுவான வாதம் டெல்லியில் இல்லை, நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1992 ஜூனில் வாச்சாத்தி மலைக்கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மக்களைத் தாக்கிப் பெண்களிடம் பாலியல் வன்முறை செய்த கொடுமைக்கு, தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். அந்தத் தீர்ப்பு, மலைக்கிராமத்துப் பெண்கள் கூண்டில் ஏறித் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்ன சாட்சியத்தின் மீது நின்றது. அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள் என்று உங்கள் மாணவர்கள் கேட்கட்டும்.

ஆனால் ஆதரவு அணிக்கு இதற்குப் பதில் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலும் சாட்சி விசாரணை கிடையாது. கீழ் நீதிமன்றங்களில் பதிவான ஆவணங்களை வைத்துக்கொண்டு சட்டத்தைப் பற்றித்தான் வழக்கறிஞர்கள் வாதிடுகிறார்கள். 2018 தீர்ப்பும் திருமண வழக்குகளையும், பாலியல் குற்றங்களையும், குழந்தைகள் தொடர்பானவற்றையும் நேரலைக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்றுதான் சொன்னது. என் கட்சி இதுதான்: மேல்முறையீட்டில் கேமரா இருக்கட்டும், சாட்சிக் கூண்டின் முன்னால் வேண்டாம்.

பதில்: காவேரிப்பட்டணம் விவசாயி

வக்கீல் ஐயா சொல்வதை ஏற்கிறேன். எனினும் அரசியல் சாசன அமர்வு மட்டும் போதும் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் பயன் குறைவு. கிருஷ்ணகிரி அணைக்கு வரும் தென்பெண்ணை நீருக்காக, அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2019 நவம்பரில் நம் இடைக்கால மனு தள்ளுபடியானபோது, இரண்டு வரிச் செய்திதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நம் தரப்பில் என்ன வாதிட்டார்கள், எந்த இடத்தில் நீதிபதிகள் மடக்கினார்கள் என்று பாசனக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? காவிரியின் இறுதித் தீர்ப்பும் 2018 பிப்ரவரியில், நேரலைத் தீர்ப்புக்கு ஏழு மாதம் முன்பே வந்துவிட்டது. ஆற்று நீர் வழக்குகளை முதலில் காட்ட வேண்டும். அப்படியே காட்டினாலும் விசாரணை முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது என்பது வேறு கதை.

பதில்: ஓசூர் வாசகர்

எதிரணிக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். 1996இல் அமெரிக்க நீதிபதி டேவிட் சூட்டர், தம் பிணத்தின் மீது உருண்டுதான் கேமரா உள்ளே வர முடியும் என்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். வீம்பாகத் தோன்றினாலும், துண்டு வீடியோக்களின் காலத்தில் அந்த அச்சத்தைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்ற விசாரணையில் நீதிபதி ஒருவர் பேசிய சர்ச்சைக்குரிய பேச்சின் சிறு துண்டுகள் நாடெங்கும் பரவியபோது, உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்தது. இருந்தும், அதற்காக நேரலையை நிறுத்துவது தீர்வாகாது என்றே முடித்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றத்தின் சொந்த யூடியூப் சேனலே ஹேக் செய்யப்பட்டு, அதில் கிரிப்டோ விளம்பரம் ஓடியது!

என் பார்வையில் தொலைக்காட்சி நிறுவனங்களின் கேமராவும் நீதிமன்றமே இயக்கும் கேமராவும் ஒன்றல்ல. நம் நாட்டில் இருப்பது இரண்டாவது வகை. மாணவர்கள் இதைப் பிரித்துப் பேசாவிட்டால் பட்டிமன்றம் திசைமாறிவிடும்.

பதில்: தருமபுரி வழக்கறிஞர்

காவேரிப்பட்டணத்து நண்பருக்கு: அரசியல் சாசன அமர்வு வாதங்கள் 2023 முதல் எழுத்து வடிவிலும் வெளிவருகின்றன, ஆனால் அதுவும் ஆங்கிலம்தான். தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கம் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் கிடைக்கிறது. வாதங்களுக்கும் அந்த ஏற்பாடு வர வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. அந்தக் கோரிக்கையை ஆதரவு அணி மாணவர் எவராவது மேடையில் வைக்கட்டும்.