புதுப்பிப்பு: ஆபாச வசவுக்கு ஆதாரம் சேர்ப்பது

அரசியல் பேசும் பெண்களுக்கு வரும் ஆபாச வசவு, மிரட்டல் பற்றிப் புகார் கொடுப்பது எப்படி என்ற என் முந்தைய இழையில், ‘ஸ்கிரீன்ஷாட் போதுமா?’ என்று கேட்டிருந்தீர்கள். போதாது. பெயரை மாற்றிக்கொண்டு தப்புவது வசவு எழுதுபவர்களின் வழக்கம். பின்னூட்டத்தின் தனி லிங்க், கணக்கின் லிங்க், தேதி, நேரம் எல்லாம் எடுத்த பிறகே அந்தத் தளத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள். பதிவு நீக்கப்பட்டால் உங்களாலேயே பார்க்க முடியாது.

நீதிமன்றத்தில் இத்தகைய மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63(4)-இன்படி சான்றிதழ் கேட்பார்கள். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு இருக்கும்; அது கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும். அதனால் அசல் கோப்பை வெட்டாதீர்கள், சிவப்பு வட்டம் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலே அளவு சுருங்கி ஹாஷ் மாறிவிடும். வட்டமெல்லாம் நகலில் போடலாம்.

புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எழுதவே வேண்டாம், 2015-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 79-ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டியும் ஒருவன் விடாமல் தொடர்புகொண்டால் 78. அதற்கு ‘இனி தொடர்புகொள்ளாதே’ என்று நீங்கள் அனுப்பிய ஒற்றை வரி பெரிய பலம். அதைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

போலீஸுக்கு மின்னணு வழியில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இது.