விரதத்துக்காக இன்சுலினை நிறுத்தச் சொல்கிறார் சாமியார்: மாமாவிடம் எப்படிப் பேசுவது?

செந்தூல்வாசி:
வணக்கம். என் மாமாவுக்கு 58 வயது. 12 வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு). மெட்ஃபார்மின், கிளிக்லசைடு மாத்திரைகள், இரவில் இன்சுலின். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அலகுக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு 48 நாள் விரதம் தொடங்கியிருக்கிறார், ஒருவேளைச் சாப்பாடு. குறி சொல்லும் சாமியார் ஒருவர், "மருந்து உடம்பில் இருந்தால் அருள் இறங்காது" என்று எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி, தேனில் குழைத்துச் சாப்பிட ஒரு சாம்பல் நிறப் பொடி கொடுத்திருக்கிறார். மாதம் 350 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வாரம் ஆகிறது. மூன்றாம் நாளே கால்வலி போய்விட்டதாம், அதனால் முழுதாக நம்புகிறார். பொடியில் என்ன இருக்கும்? அவர் பக்தியைப் புண்படுத்தாமல் எப்படிப் பேசுவது?

மருந்தாளர்_ஜெலுத்தோங்:
தம்பி, பேச்சு அப்புறம். இன்றைக்கே விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 16.7 மில்லிமோலுக்கு (மில்லிகிராம் கணக்கில் 300) மேல் இருந்தால் விரதம் அங்கேயே முடிகிறது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது, பழ வாடை மூச்சு, அரைத்தூக்கம் இதில் ஒன்று இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தை அமிலமாக்குவதன் அறிகுறிகள் இவை. இதைத்தான் "கழிவு வெளியேறுகிறது" என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

நீங்களாகப் பழைய அளவு மருந்தைத் திரும்பக் கொடுத்துவிடவும் கூடாது. ஒருவேளை மட்டும் சாப்பிடுபவருக்குக் கிளிக்லசைடும் இன்சுலினும் முழு அளவில் போனால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான். ரமலான் நோன்புக்கு அளவை மாற்றிக் கொடுத்துப் பழகியவர்கள், "முருகனுக்கு விரதம், மாலையில் ஒருவேளைதான்" என்று சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள். முறைப்படி விரதத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே போயிருக்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டினியும் உடல் வறட்சியும் சேர்ந்தால் சர்க்கரை எண் சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகலாம்.

அடுத்து பொடி. மூன்று நாளில் வலி போனதும் எனக்கு வரும் முதல் சந்தேகம் டெக்ஸாமெத்தாசோன். பாரம்பரிய மருந்து என்று விற்பவற்றில் இந்த ஸ்டீராய்டைக் கலப்பது மலேசியாவில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. வலி மறையும், பசி எடுக்கும், தெம்பு வரும், கூடவே சர்க்கரையும் ஏறும். வாரக்கணக்கில் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து சாய்ந்துவிடலாம். எனவே குப்பையில் கொட்டாதீர்கள், டப்பாவோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சாம்பல் நிறம் என்பதால் ஈயம், பாதரசம் பற்றியும் கேளுங்கள். 2008-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஈயம் தெரிந்துவிடும்.

தண்ணீர்மலை_அடியார்:
காவடிக் குழு நடத்துபவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய இழை இது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. நம் இந்திய இனத்தில்தான் அதிகம். மாலை போடும் அன்றே குழுவில் எல்லாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிடுங்கள்.

அன்றைய தினம் பெரிய ஆபத்து அருளையும் சர்க்கரை இறக்கத்தையும் குழப்பிக்கொள்வது. இரண்டிலும் நடுக்கம் வரும், கண் சொருகும், ஆள் முரண்டு பிடிப்பார். உறுமி மேளம் நின்ற பிறகும் உடம்பு சில்லென்று வேர்த்து விரல் நடுங்கினால் சந்தேகப்படுங்கள். ஆனால் கண்ணால் தீர்மானிக்காதீர்கள், விரலைக் குத்துங்கள். குத்துவதற்கு முன் விரலைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பஞ்சாமிர்தம் தொட்ட விரலில் கருவி பொய்யாக அதிக எண் காட்டும், இறங்கிக் கிடப்பவரை ஏறியவர் என்று நினைத்துவிடுவோம். 3.9-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பால் வேண்டாம், கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும்.

கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்தியிருந்தால் அந்தச் சீனித் தண்ணீரை எப்படிக் குடிப்பார்? வேலைக் கழற்றுவது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999 அழையுங்கள்.

பத்துமலையில் 272 படி, எங்கள் பினாங்குத் தண்ணீர்மலையில் 513. 12 வருட இனிப்பு நீரில் பாதம் மரத்துப்போயிருக்கலாம். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் கொப்புளம் போட்டாலும் தெரியாது. வேண்டுதல் வெறுங்கால் என்றால் கால் கழுவும் இடத்திலேயே இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்குகளையும். சர்க்கரை ஏறிய உடம்பில் அலகு குத்திய துளையும் ஆறாது. இந்த ஆண்டு பால்குடம் எடுக்கட்டும். அலகு குத்தியே தீருவேன் என்றால் ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்கு வேண்டாம், டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்லுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசகன்:
மேலே இருவரும் நம்பிக்கையைத் தொடாமல் சுற்றிப் போகிறார்கள். நான் தொட்டே ஆக வேண்டும் என்பேன். முருகனை நம்புவதில் மாமாவுக்குக் கெடுதல் இல்லை. சர்க்கரை இறங்கினால் அருள், ஏறினால் கர்மவினை கழிகிறது, ஆள் விழுந்தால் விரதத்தில் குறை என்று எதிலும் தோற்காத ஒரு பேச்சை நம்புவதில்தான் கெடுதல். அதற்குள் போனவருக்கு வெளியே வரக் கதவே இல்லை. ஆகவே வாதாடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "மாமா, எந்த எண் வந்தால் இது வேலை செய்யவில்லை என்று ஒத்துக்கொள்வீங்க?" அவர் வாயாலேயே ஓர் எண்ணையும் ஒரு தேதியையும் வாங்கி, நாள்காட்டியில் அவர் கையாலேயே எழுத வையுங்கள். சாமியாரிடமும் அதையே கேளுங்கள். பதில் சொல்ல மாட்டார், மாமா அதைப் பார்க்கட்டும்.

கோவில் குருக்களையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு நியமத்தில் விலக்கு உண்டு என்பதை அவர் சொன்னால் எடுபடும், மருமகன் சொன்னால் எடுபடாது.

பொடி டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் முடிவில் டி (T) எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். பதிவான பாரம்பரிய மருந்துக்கு அது இருக்கும். எண் இருந்தாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள், போலி எண் அச்சடிப்பது எளிது. இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி குற்றம். வாட்ஸ்அப் செய்தி, பணம் மாற்றிய ரசீது எல்லாவற்றையும் எடுத்துவைத்து, சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள்.

செந்தூல்வாசி:
கை கழுவிப் பார்த்தோம். 19.4. வாந்தி இல்லை, ஆனால் ராத்திரி ஐந்து தடவை எழுந்திருக்கிறார். கிளம்புகிறோம்.

மருந்தாளர்_ஜெலுத்தோங்:
பொடி, பழைய மருந்து அட்டை, கிளினிக் புத்தகம் மூன்றையும் ஒரே பையில் போடுங்கள். போகும் வழியில் சர்க்கரை சேர்க்காத தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். கடைசியாக இன்சுலின் போட்ட தேதியையும் பொடி சாப்பிட்ட நேரத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.