சேட்டையா, ஏடிஹெச்டியா? இரண்டு மணி நேரம் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைக்குக் கவனக்குறைவு இருக்க முடியுமா?

கெடிலக்கரை (கடலூர்):
என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. 'ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு; மிகையியக்கம் என்றால் அளவுமீறிய துறுதுறுப்பு) போலத் தெரிகிறது, மருத்துவரிடம் காட்டுங்கள்' என்று வகுப்பாசிரியை சொல்லிவிட்டார். மாமியாரோ 'ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான்' என்கிறார்.

ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். ஏழே முக்காலுக்குக் காலுறையைக் கையில் கொடுப்பேன். ஒன்றை மாட்டிக்கொள்வான். சுவரில் எறும்பு வரிசை கண்ணில் பட்டுவிட்டால் அவ்வளவுதான். எட்டே காலுக்கு வேன் வரும்போதும் இன்னொரு காலுறை கையிலேயே இருக்கும். ஜூன் முதல் நான்கு தண்ணீர் பாட்டில்களைத் தொலைத்துவிட்டான். திட்டினால் தேம்பித் தேம்பி அழுகிறான். மறுநாளும் அதே கதை. ஆனால் கார்ட்டூன் போட்டால் இரண்டு மணி நேரம் அசையமாட்டான். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

பழைய வாத்தியார் (திருப்பாதிரிப்புலியூர்):
அம்மா, 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். துறுதுறுப்பை நோயாக்கும் இந்தப் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. ஒரே அறையில் 45 பிள்ளைகள். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மாலையில் டியூஷன், இரவில் கைபேசி. இப்படி அடைத்து வைத்தால் எந்தப் பிள்ளை நெளியாமல் உட்காரும்? இன்னொன்று: ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் பதினோரு மாத இடைவெளி இருக்கும். வயதில் இளைய பிள்ளைகளுக்கே இந்தப் பெயர் அதிகம் சூட்டப்படுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. வயதுக்குரிய பக்குவமின்மையைக் கோளாறு என்கிறார்கள். உங்கள் மகன் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கவனம் இல்லாதவனால் அது முடியுமா?

லாஸ்பேட்டைக்காரன் (புதுச்சேரி):
ஐயா, முடியும். என்னாலும் முடியும். எனக்கு 39 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் ஏடிஹெச்டி என்று தெரிந்தது. பெயரில் 'கவனக்குறைவு' இருப்பதால் வரும் குழப்பம் இது. எங்களுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அது சொன்ன இடத்துக்குப் போகாது, போன இடத்திலிருந்து திரும்பாது. கார்ட்டூனில் ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒன்று புதிதாக வந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. காலுறையில் அப்படி என்ன இருக்கிறது? ஆகவே கார்ட்டூனை வைத்து அளக்காதீர்கள். பிடிக்காத, ஆனால் செய்தே தீரவேண்டிய வேலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

வங்கிக் கணக்கில் பணம் இருக்கும், கடைசி நாளும் தெரியும். ஆனாலும் மின்கட்டணத்தை அபராதத்தோடுதான் கட்டுவேன். மனைவி பேசும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், பாதி வாக்கியம் காதில் ஏறியிருக்காது. வீட்டில் அதை அலட்சியம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 20 ஆண்டுகள் அந்தக் குற்ற உணர்வோடு வாழ்ந்திருக்கிறேன் ஐயா.

பழைய வாத்தியார்:
தம்பி, உங்கள் வேதனையை மதிக்கிறேன். ஆனால் 40 வயதில் மறதி யாருக்கு இல்லை? கடன், தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு, எதனாலும் இது வரும். ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு 'எனக்கும் இருக்கிறது' என்று சொல்லும் இளைஞர்களைத் தினமும் பார்க்கிறேன்.

லாஸ்பேட்டைக்காரன்:
அதே சந்தேகம் என் மருத்துவருக்கும் இருந்தது. ரத்தப் பரிசோதனை செய்து தைராய்டு சரியாக இருப்பதைப் பார்த்தார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு என் பழைய தேர்ச்சி அட்டைகளைக் கேட்டார். அம்மா இரும்புப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். நான்காம் வகுப்பு அட்டையில் நீல மையில் 'அறிவுள்ளவன், கவனம் போதாது'. ஐந்தாம் வகுப்பிலும் கிட்டத்தட்ட அதே வரி. 40 வயதில் புதிதாக முளைப்பது ஏடிஹெச்டி ஆகாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தடயம் இருக்கவேண்டும். காணொளிகளில் இதை யாரும் சொல்வதில்லை.

பாகூர் செவிலி:
வாத்தியார் ஐயா சொன்ன காரணங்கள் எதையும் ஒதுக்கமுடியாது. அவற்றைப் பார்த்த பிறகே முடிவுக்கு வரவேண்டும். கண், காது, தூக்கம் மூன்றையும் முதலில் சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் கவனிக்காத பிள்ளை போலத்தான் இருக்கும். ஏடிஹெச்டியை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறைப்படி, கவனச்சிதறலுக்கு ஒன்பது அறிகுறிகள், மிகையியக்கத்துக்கும் அவசரத்துக்கும் சேர்த்து ஒன்பது. ஏதாவது ஒரு பிரிவில் குழந்தைக்குக் குறைந்தது ஆறு அறிகுறிகள், 17 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தது ஐந்து, ஆறு மாதமாவது நீடிக்கவேண்டும். வீடு, பள்ளி என ஓர் இடத்துக்கு மேல் தெரியவேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். பள்ளியில் மட்டும் தொல்லை என்றால் முதலில் பள்ளியைத்தான் விசாரிக்கவேண்டும்.

பெண்பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஓடாது, சத்தம் போடாது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் அதை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதும் இல்லை.

பழைய வாத்தியார்:
செவிலி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்கவில்லை. அப்படி ஒரு மாணவி இருந்தாள். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். எதைக் கேட்டாலும் திடுக்கிட்டு எழுந்து நிற்பாள். சிலேட்டில் கூட்டலைப் பாதியில் விட்டுவிட்டு ஓரத்தில் கோலப்புள்ளி வைத்துக்கொண்டிருப்பாள். சோம்பேறி என்று பலமுறை முட்டிபோட வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் படிக்க வரவில்லை. அவளுக்கு இதுதானா என்று இப்போது சொல்லமுடியாது. முட்டிபோட வைத்தது தவறு, அதில் சந்தேகமில்லை.

ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு மாத்திரை என்பதை என் மனம் ஏற்கவில்லை. முன் வரிசையில் உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். கரும்பலகை துடைக்கும் பொறுப்பைக் கொடுங்கள், எழுந்து நடக்க ஒரு காரணம் கிடைக்கும். மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

பாகூர் செவிலி:
ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் சிகிச்சையின் பகுதிகளே. ஆறு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில். மருத்துவரைப் பார்த்தாலே மாத்திரை என்று ஆகிவிடாது. தேவைப்பட்டால் எடை, பசி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள். ஆனால் மூன்று மாதம் காத்திருக்கவேண்டாம், இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். அரசின் சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கியபோதே ஏடிஹெச்டியையும் பட்டியலில் சேர்த்தது. அந்தத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன்:
சகோதரி, போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். இது குடும்பவழியில் வலுவாக வருவது. அவர் சிறுவயதில் எப்படி இருந்தார் என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

கெடிலக்கரை:
கேட்டேன். குடையோடு பள்ளிக்குப் போய்க் குடையோடு திரும்பிய நாளே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் என் மகன் அண்ணன் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடினான். பந்து அவன் காலருகே உருண்டு போயிற்று. ஈர மணலில் நண்டு வளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலும் பள்ளியிலும் மட்டுமல்ல என்று அப்போது உறைத்தது.

திங்கட்கிழமை மூவரும் போகிறோம். ஐயா சொன்ன கரும்பலகைப் பொறுப்பை ஆசிரியையிடம் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டார். இன்று கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூளோடு ஓடிவந்து, 'இரண்டு முறை துடைத்தேன் அம்மா' என்றான். ஐந்தாவது பாட்டில் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.